இதய அறுவை சிகிச்சையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

"ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது, அதற்கப்புறம் இன்ஃபெக்‌ஷன் ஆகிவிட்டது, எத்தனையோ ஆன்டிபயாடிக் போட்டும் உடம்பு மருந்துக்குக் கேட்கவில்லை" என்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் உறவினரை இழந்த குடும்பத்தார் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அவர்களுடைய துயரத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்தப் பேச்சின் கடைசிப் பகுதியில் இருக்கும் கருத்து தவறானது. படித்தவர்களிடமும் அது பரவலாக இருக்கிறது. நிறைய மாத்திரை சாப்பிட்டதால் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மருந்துக்கு அடங்காமல் போனது கிருமிதான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், வாழ்நாளில் ஆன்டிபயாடிக்கை அதிகம் தொட்டிராத ஒருவருக்கும் மருத்துவமனையில் இத்தகைய தொற்று ஏன் வரக்கூடும் என்பதும், அதிலும் இதய அறுவை செய்துகொண்டவர்களை அது ஏன் கடுமையாகத் தாக்குகிறது என்பதும் விளங்கும்.

ஆன்டிபயாடிக் செய்யும் வேலை

பாக்டீரியா என்பது ஒரே செல்லால் ஆன உயிர். அதைக் கொல்லவோ பெருகவிடாமல் தடுக்கவோ பயன்படும் மருந்துதான் ஆன்டிபயாடிக். நம் செல்களில் இல்லாத ஏதோ ஒன்று பாக்டீரியாவில் இருந்தால்தான், நமக்குப் பெரிய கேடு விளைவிக்காமல் அதை மட்டும் தாக்க முடியும். பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான செல்சுவர் உண்டு. மனிதச் செல்லுக்கு அது கிடையாது. பெனிசிலினும் அதன் வழிவந்த பல மருந்துகளும் அந்தச் சுவரைக் கட்டும் புரதங்களைப் பற்றிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகின்றன. சுவர் பலவீனமாகிப் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. சளி, ஃப்ளூ போன்றவற்றை உண்டாக்கும் வைரஸுக்கு இப்படிப்பட்ட சுவரே இல்லாததால், அந்த நோய்களுக்கு இம்மருந்துகளால் எந்தப் பயனும் இல்லை.

கிருமி மருந்தை வெல்வது எப்படி

நெல் வயலில் ஆண்டுதோறும் ஒரே களைக்கொல்லியைத் தெளித்துவருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு களை ஏறக்குறைய முழுவதும் கருகிவிடுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான களைச்செடிகளில் ஒன்றிரண்டு, பிறப்பிலேயே அமைந்த சிறு வேறுபாட்டால், அந்த மருந்தைத் தாங்கி நிற்கின்றன. சுற்றியிருந்தவை செத்துவிட்டதால் இடமும் உரமும் தண்ணீரும் இவற்றுக்கே கிடைக்கின்றன. அடுத்த பருவத்தில் விழும் விதையில் பெரும்பங்கு இவற்றுடையது. சில ஆண்டுகளில் வயல் முழுக்க மருந்துக்குச் சாகாத களையே நிற்கும். இங்கே எந்தச் செடியும் மருந்தைக் குடித்துப் பழகவில்லை. தாங்கும் தன்மை ஏற்கெனவே இருந்ததை மருந்து பொறுக்கியெடுத்து வளர விட்டது, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக்குக்கும் பாக்டீரியாவுக்கும் இடையே நடப்பதும் இதுதான்; களைக்கு ஆண்டுகள் ஆகும் வேலை, சாதகமான சூழலில் இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் பாக்டீரியாவுக்குச் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. மருந்தை மீறிப் பிழைக்கும் இந்தத் தன்மையை இக்கட்டுரையில் மருந்தெதிர்ப்பு என்று குறிப்பிடுகிறேன்.

ஆனால் களைச்செடியால் முடியாத ஒன்று பாக்டீரியாவால் முடியும். தாங்கும் தன்மைக்கான மரபணுவை அது தன் சந்ததிக்கு மட்டுமன்றி, பக்கத்தில் இருக்கும் வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். மரபணுக்களைச் சுமந்துகொண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிறு டி.என்.ஏ. வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருக்கலாம். நம் குடலில் அமைதியாக வாழும் கிருமி ஒன்றிலிருந்து நோய் உண்டாக்கும் கிருமிக்கு இந்தச் சொத்து கைமாறுவது சாதாரணமாக நடப்பது.

அந்த மரபணுக்கள் தரும் திறன்களும் பலவகை. சில பாக்டீரியாக்கள் மருந்தைத் துண்டாக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. சில, மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. மூன்றாவது வகைக்கு உதாரணமாக எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியைச் சொல்லலாம். நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் மருந்தெதிர்ப்பு வடிவம் அது. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸை ஒழிக்க மெத்திசிலின் என்ற மருந்து 1959இல் புழக்கத்துக்கு வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையில், போதாத அளவில் மருந்தை எடுத்துக்கொள்வோர் கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக்கிவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தார். எச்சரிக்கைக்கும் நிகழ்வுக்கும் இடையே நெடுங்காலம் தேவைப்படவில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: மருந்தெதிர்ப்பு கிருமியின் குணம், மருந்து அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது, அது கிருமிக்குக் கிருமி கைமாறுகிறது. ஆகவே அது ஒருவருடைய உடம்பில் உருவாகி இன்னொருவருடைய காயத்தில் வெளிப்படலாம்.

இதய அறுவையில் கிருமிக்குக் கிடைக்கும் வழிகள்

பைபாஸ், வால்வு மாற்று போன்ற பெரும்பாலான திறந்த இதய அறுவைகளில் மார்பெலும்பை நடுவே நீளவாக்கில் அறுத்து விரிக்கிறார்கள். முடிந்தபின் எலும்பின் இரு பாதிகளையும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். அறுவை பல மணி நேரம் நீடிக்கும். பல அறுவைகளில் அந்த நேரத்தில் இரத்தம் உடலை விட்டு வெளியேறி, இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்கள் வழியே ஓடித் திரும்புகிறது. அந்த ஓட்டம் நம் நோய்த் தடுப்பு அமைப்பையும் ஓரளவு நிலைகுலையச் செய்கிறது. பைபாஸுக்காக மார்பின் உட்புறத் தமனியை எடுத்துப் பயன்படுத்தும்போது, எலும்புக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. ஆறுவதற்கு இரத்தம் வேண்டும். மருந்து போய்ச் சேர்வதற்கும் அதுவே வேண்டும்.

அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியைக் கட்டிலருகே நின்று பார்த்தால் மீதி புரியும். வாயில் செயற்கைச் சுவாசக் குழாய், கழுத்து நரம்பில் மருந்து செல்லும் குழாய், மணிக்கட்டுத் தமனியில் இரத்த அழுத்தம் அளக்கும் ஊசி, மார்பிலிருந்து கசிவை வெளியேற்றும் வடிகுழாய்கள், சிறுநீர்க் குழாய். உயிரைக் காப்பாற்ற இவை எல்லாமே தேவை. ஆனால் தோல் என்ற இயற்கை வேலியை ஒவ்வொன்றும் ஓரிடத்தில் திறந்துவைக்கிறது. அதனால்தான் நெஞ்சுக் காயத்தில் மட்டுமன்றி, நுரையீரலிலும் இரத்தத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் தொற்று வரக்கூடும். எந்தக் குழாய் எப்போது தேவையில்லாமல் போகிறதோ அப்போதே அதை எடுத்துவிடுவது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம்.

கிருமி வெளியிலிருந்து மட்டுமே வருகிறது என்று எண்ண வேண்டாம். ஏறக்குறைய மூவரில் ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தம் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைச் சுமந்துகொண்டிருக்கிறார். அவரவர் மூக்கிலிருந்து கைக்கும், கையிலிருந்து மார்புத் தோலுக்கும் வந்த கிருமியே பல சமயங்களில் காயத்துக்குள் இறங்குகிறது.

கத்தி படுவதற்கு முன் போடும் ஊசி

இதய அறுவையில் ஆன்டிபயாடிக்கின் முதல் வேலை தடுப்பது, குணப்படுத்துவது பிறகுதான். பொதுவாக செஃபசோலின் போன்ற மருந்தை, தோலை அறுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் செலுத்துகிறார்கள். கத்தி படும் கணத்தில் திசுக்களில் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். கிருமி குடியேறியபின் கொடுத்தால் பயன் பெரிதும் குறைந்துவிடும். அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு தடவை கொடுக்கிறார்கள். முடிந்தபின் அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். "இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் போட்டால் பாதுகாப்புதானே" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. அதற்கு மேல் நீட்டிப்பதால் காயத் தொற்று குறைவதில்லை. மருந்தைத் தாங்கும் கிருமிகள் மட்டுமே எஞ்சிப் பெருக வாய்ப்பு உண்டாகிறது.

மருந்தெதிர்ப்பு முதலில் உடைப்பது இந்தக் காவலைத்தான். நோயாளியின் மூக்கில் இருப்பது எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால், செஃபசோலினால் அதைத் தொடவே முடியாது. முன்கூட்டியே தெரிந்தால் வான்கோமைசின் என்ற மருந்தைச் சேர்க்கலாம். ஆனால் அதை மெதுவாகத்தான் செலுத்த வேண்டியிருப்பதால் அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும்; சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸைக் கொல்வதில் அது செஃபசோலினைவிட மெதுவானது; வேறு வகைக் கிருமிகள் பலவற்றின்மேல் அதற்கு வேலையே இல்லை. ஆகவே எல்லோருக்கும் பலமான மருந்தையே போட்டுவிடலாம் என்பது தீர்வாகாது.

ஆறாத நெஞ்சுக் காயம்

மேல்தோலில் மட்டும் சீழ் பிடித்தால் பெரும்பாலும் எளிதில் ஆறிவிடும். அஞ்ச வேண்டியது, மார்பெலும்பையும் அதற்குப் பின்னால் இதயத்தைச் சுற்றியுள்ள இடத்தையும் தொற்று பிடிப்பதுதான். இதை ஆழ்ந்த மார்பெலும்புத் தொற்று என்பார்கள். நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரைக்கு மட்டுமே இது வருகிறது என்றாலும், வந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிதல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, இருமும்போதோ புரண்டு படுக்கும்போதோ மார்புக்குள் எலும்பு உரசி 'டக்' என்று கேட்கும் ஒலி ஆகியவை அடையாளங்கள். அந்த ஒலி, முறுக்கிய கம்பிகள் தளர்ந்து எலும்பின் பாதிகள் அசைகின்றன என்பதற்கான குறி. பெரும்பாலும் இது முதல் சில வாரங்களில், சில சமயம் வீட்டுக்குத் திரும்பிய பிறகே, தெரியவரும்.

சிகிச்சையில் மருந்து மட்டும் போதாது. மீண்டும் மார்பைத் திறந்து, கெட்டுப்போன எலும்பையும் திசுவையும் சுரண்டியெடுத்துக் கழுவ வேண்டும். தேவையானால் மார்புத் தசையைத் திருப்பிக் குழியை மூட வேண்டும். பிறகு வாரக்கணக்கில் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து குணமாவது, கடைசியில் கொடுக்கும் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

கல்ச்சர் ரிப்போர்ட் வரும்வரை

தொற்று என்று சந்தேகம் எழுந்ததும் இரத்தத்தையோ சீழையோ எடுத்து, எந்தக் கிருமி வளர்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்குக் கல்ச்சர் என்று பெயர். வளர்ந்த கிருமியை ஒரு தட்டில் மெல்லிய போர்வைபோல் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து இரவு முழுவதும் விடுவது பழைய, இன்றும் நம்பகமான முறை. கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுற்றி மறுநாள் தெளிவான வட்டம் விழுந்திருக்கும். அடங்காத மருந்தின் வில்லையை ஒட்டியே கிருமி மண்டிக் கிடக்கும். அந்த வட்டங்களை அளந்துதான் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே 'எஸ்' என்றோ 'ஆர்' என்றோ எழுதுகிறார்கள். முன்னது கிருமி அடங்கும் என்பதற்கும் பின்னது அடங்காது என்பதற்கும் அடையாளம். வரிசையாக 'ஆர்' மட்டுமே அச்சாகி வரும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் மருத்துவரின் நிலை மிகவும் கடினமானது.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாததால், இந்த மருத்துவமனையில் வழக்கமாகக் காணப்படும் கிருமி எது என்ற அனுபவத்தை வைத்து மருந்தைத் தொடங்குகிறார்கள். கிருமி அடங்கக்கூடியதாக இருந்தால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக அமையும். மருந்தெதிர்ப்புக் கிருமியாக இருந்தால், மருந்து ஏறிக்கொண்டிருப்பதாக நாம் நம்பும் அந்த இரண்டு நாட்களும் சிகிச்சையே இல்லாமல் கழிந்ததற்குச் சமம். அப்போதுதான் அறுவையிலிருந்து மீண்டுவரும் இதயத்துக்கு அந்த இழப்பைத் தாங்கும் வலு குறைவு.

அடுத்த சிக்கல் மாற்று மருந்துகளில் இருக்கிறது. எதுவும் கேட்காதபோது கையிலெடுக்கும் கொலிஸ்டின், சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதற்காகவே ஒரு காலத்தில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து. வான்கோமைசினுக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் குணம் உண்டு. இதய நுரையீரல் இயந்திரத்தின் ஓட்டத்தாலேயே பலருக்குச் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கும் நேரம் அது. எனவே கிருமியைக் கொல்லும் அளவும் சிறுநீரகம் தாங்கும் அளவும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. "இன்ஃபெக்‌ஷனுக்குப் போய் டயாலிசிஸ் ஏன்" என்று குடும்பத்தார் திகைத்து நிற்பதற்குப் பல சமயங்களில் இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக, இதய நோயாளிக்கு மருந்தெதிர்ப்பு மூன்று இடங்களில் கேடு செய்கிறது: தடுப்பு ஊசியைப் பயனற்றதாக்குகிறது, சரியான சிகிச்சை தொடங்குவதைத் தாமதப்படுத்துகிறது, மிஞ்சும் மருந்தை உடம்புக்குச் சுமையாக்குகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கிருமிகள்

எம்.ஆர்.எஸ்.ஏ.வைப் பற்றி உலகம் அதிகம் பேசினாலும், இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கூடுதல் கவலை தருபவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர், சூடோமோனாஸ் போன்ற கிருமிகள். குடலிலும் ஈரமான இடங்களிலும் வாழும் இவை, கைகள் வழியாகவும் குழாய்கள் வழியாகவும் பரவுகின்றன. இவற்றுக்கு எதிரான வலுவான மருந்துகளாக மெரோபெனெம் முதலான கார்பாபெனெம் வகையை நம்பியிருந்த நிலையில், அவற்றையே துண்டாக்கும் என்.டி.எம். (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி, புதுடெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008இல் பிரித்தெடுத்த கிருமியில் முதலில் அடையாளம் காணப்பட்டது. அதன் பரவலைக் காட்டி 2010இல் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி; சென்னையில் எடுத்த மாதிரிகளும் அதில் இருந்தன. நொதிக்கு டெல்லியின் பெயரைச் சூட்டியது பற்றி அப்போது எழுந்த சச்சரவில், அந்த ஆய்வு சொன்ன செய்தி உரிய கவனம் பெறாமல் போனது வருத்தத்துக்குரியது. 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி, மருந்தெதிர்ப்பைச் சமாளிக்கும் வழிகள் பற்றிய சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டதும், 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை விதி நடைமுறைக்கு வந்ததும் அதற்குப் பிந்தைய நல்ல முயற்சிகள். அந்த விதிப்படி, குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று மருந்துக்கடை பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 12.7 லட்சம் இறப்புகளுக்கு மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்களே நேரடிக் காரணம் என்பது 2022இல் வெளியான விரிவான மதிப்பீடு.

அறுவைக்கு முன்னும் பின்னும் செய்யக்கூடியவை

நாள் குறித்து நடக்கும் அறுவையில், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கையில் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. புகைப்பதை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் அந்த அவகாசத்தில் செய்ய வேண்டிய முதல் வேலைகள். அறுவைக்குப் பிந்தைய நாட்களில் இரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டாமல் வைத்திருக்க மருத்துவமனையிலும் இன்சுலின் கொடுப்பார்கள். மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் இருக்கிறதா என்று பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துப் பார்க்கும் எளிய சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இருப்பவர்களுக்கு மூக்கில் முப்பிரோசின் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் சோப்பால் ஐந்து நாள் குளிக்கச் செய்தபோது, அந்தக் கிருமியால் மருத்துவமனையில் வரும் தொற்று 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்ததை 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. முந்தின இரவு வீட்டிலேயே பிளேடால் மார்பை மழித்துக்கொண்டு போவது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. பிளேடு விடும் நுண்கீறல்களில் கிருமி குடியேறும். மருத்துவமனையில் கிளிப்பரால் முடியைக் கத்தரிப்பார்கள், அதுவே போதும்.

பார்க்க வருவோரைக் குறைப்பது நம் ஊரில் கடினம்தான். கோயில் திருநீற்றை எடுத்துவந்து நெற்றியில் இட்டுவிடும் கை, வாஞ்சையோடு நீளும் கை. அந்தக் கையை முதலில் சானிடைசரால் தேய்த்துக்கொள்ளச் சொல்வதில் யாரும் தயங்க வேண்டியதில்லை. செவிலியரிடமும் மருத்துவரிடமும் அதையே கேட்கலாம். அக்கறையுள்ள மருத்துவமனையில் அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

செயற்கை வால்வும் காய்ச்சலும்

செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு ஆபத்து அறுவைக் காயம் ஆறியதோடு முடிந்துவிடுவதில்லை. உலோகத்திலும் செயற்கைத் துணியிலும் இரத்த ஓட்டம் கிடையாது. அங்கே ஒட்டும் கிருமிகள் பிசுபிசுப்பான படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்குகின்றன. உயிர்ப்படலம் எனப்படும் அந்தப் போர்வைக்குள் இருக்கும்போது, சாதாரணமாக மருந்துக்கு அடங்கும் கிருமிகூட அடங்க மறுக்கிறது. மருந்தெதிர்ப்பும் சேர்ந்துவிட்டால் வால்வையே மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். வால்வில் வரும் இந்தத் தொற்றுக்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர். வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலப்பதும் இதற்கு ஒரு வழி என்பதால், பல் பிடுங்கும் முன் வால்வைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரே வேளைத் தடுப்பு மருந்தை அவர் கொடுப்பார்.

காய்ச்சல் வந்தால் நம்மில் பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது தெருமுனை மருந்துக்கடையில். செயற்கை வால்வு உள்ளவர் அங்கே வாங்கி விழுங்கும் இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வால்வில் உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. ஆனால் இரத்தத்தில் மிதக்கும் கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பிறகு எடுக்கும் கல்ச்சரில் எதுவும் வளராதபடி செய்துவிடும். கிருமி எதுவென்று தெரியாவிட்டால், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்தை ஊகத்தில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஆகவே காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் வால்வு பொருத்தியவர் நேரே தம் மருத்துவமனைக்குப் போய், எந்த ஆன்டிபயாடிக்கையும் தொடுவதற்கு முன், இரத்தக் கல்ச்சருக்கு மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும்.